அப்பா ஒதுக்கிவைத்த தட்டுகள்

ஜப்பானில் பழம்பொருள் கடை வைக்க வேண்டுமென்றால் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். திருட்டுச் சாமான் கைமாறுவதைத் தடுக்க 1949-இல் கொண்டுவந்த சட்டம் அப்படிச் சொல்கிறது. மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணையம்தான் லைசென்ஸ் தரும். ஆனால் விண்ணப்பத்தை வாங்குவது அந்தந்த வட்டாரக் காவல் நிலையம். கட்டணம் 19,000 யென், கைக்கு வர ஏறக்குறைய 40 நாள் ஆகும். லைசென்ஸ் ஆளுக்குத்தான், கடைக்கு இல்லை. எழுபது வருஷம் ஒரே குடும்பம் நடத்திய கடையாக இருந்தாலும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குத் தானாக வராது. முதல் நாள் கடை போடுகிறவர் மாதிரி வாரிசும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கியோட்டோவில் எனக்குப் பழக்கமான ஒரு கடை அப்படித்தான் மூன்றாம் தலைமுறைக்கு வந்தது. கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. நடத்துபவர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். அவருடைய அப்பா இப்போதும் பின்கட்டில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறார், கடைக்கு வரும் பொருளை எல்லாம் ஒருமுறை தடவிப் பார்க்கிறார், கேட்காமலே அபிப்பிராயமும் சொல்கிறார். நான் ஒசாகாவில் மென்பொருள் வேலை பார்ப்பவன். சாப்பிடத் தட்டு வாங்கப் போன இடத்தில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் விவரம் எழுதித் தர முடியுமா என்று அந்தப் பெண் கேட்டார். ஒட்டிக்கொண்டேன்.

குடும்பக் கடையை வாரிசு மீட்ட கதைகள் ஜப்பானியப் பத்திரிகைகளில் நிறைய வருகின்றன. இருண்ட கடைக்கு வெள்ளையடித்தார், காபி மெஷின் வைத்தார், இன்ஸ்டாகிராமில் போட்டார், கூட்டம் அள்ளியது என்று முடியும். பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது பாதிக் கதை. நான் பக்கத்திலிருந்து பார்த்தவரை, இந்தக் கடை பிழைத்ததற்குக் காரணம் வேறு. அப்பா மதிக்காத பொருளை மகள் மதித்தார். அப்பாவும், முணுமுணுத்துக்கொண்டேதான், விட்டுக்கொடுத்தார்.

தாத்தா காலத்திலிருந்து சொன்னால்தான் இது புரியும். தாத்தா சிறுவயதில் ஒரு பெரிய கடையில் எடுபிடியாக இருந்து தொழில் கற்றவர். போர் முடிந்து ஊர் திரும்பியபோது ஜப்பானின் பணக்காரக் குடும்பங்கள் வீட்டுச் சாமானை விற்றுக்கொண்டிருந்தன. 1946-இல் ஒரே ஒரு முறை விதித்த சொத்து வரி அப்படிப்பட்டது. ஒரு லட்சம் யெனுக்கு மேல் சொத்து வைத்திருந்தவர்களுக்கு 25 சதவீதத்தில் தொடங்கி, ஒன்றரைக் கோடியைத் தாண்டிய பகுதிக்கு 90 சதவீதம் வரை போனது. அடுத்த ஆண்டு பிரபுப் பட்டங்களும் ஒழிந்தன. தலைமுறை தலைமுறையாகப் பூட்டிக் கிடந்த கிடங்குகள் திறந்தன. கையில் காசு குறைவாகவும் கண்ணில் பயிற்சி நிறையவும் இருந்த இளைஞர்களுக்கு அது நல்ல காலம். ஒருவர் வீட்டு இழவில் தொழில் தொடங்கினேன் என்று தாத்தாவே சொல்வாராம். பழம்பொருள் வியாபாரத்தில் பெரும்பாலும் அப்படித்தான்.

அப்பா காலத்தில் சரக்கு மாறியது. நாடு பணக்கார நாடாகிக்கொண்டிருந்தது, கல்யாணத்துக்கு முன் பெண்கள் தேநீர்ச் சடங்கு கற்றுக்கொள்வது வழக்கமாக இருந்தது. தேநீர்க் கிண்ணம், மூங்கில் கரண்டி, தண்ணீர்ச் சாடி, சுவரில் தொங்கவிடும் ஓவியச் சுருள் எல்லாம் வைத்த உடனே விற்றுப் போயின. 1980-களின் கடைசியில், பங்குச்சந்தையும் நிலவிலையும் வானத்தில் இருந்தபோது, வங்கிக்காரர்களே கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாசலுக்கு வந்தார்களாம். அப்பா வாங்கினார். சரக்கும் வாங்கினார், அன்றைய விலையில்.

அப்புறம் விலை விழுந்தது என்று மட்டும் சொன்னால் போதாது, அந்தப் பொருளுக்கு இருந்த இடமே வீட்டிலிருந்து போய்விட்டது. ஜப்பானிய வீட்டின் விருந்தினர் அறையில் சுவரோரமாக ஒரு சின்ன மாடம் இருக்கும். பருவத்துக்கு ஏற்ற ஓவியச் சுருளைத் தொங்கவிட்டு, கீழே ஒரு பூச்சாடி வைப்பார்கள். புதிதாகக் கட்டும் அடுக்குமாடி வீடுகளில் அந்த மாடம் இல்லை, பாய் விரித்த அறையே பல வீடுகளில் இல்லை. மாடம் இல்லாத வீட்டுக்காரர் ஓவியச் சுருளை வைத்து என்ன செய்வார்? அப்பா லட்சக்கணக்கான யெனுக்கு வாங்கிய சுருள்கள் இன்று சில ஆயிரத்துக்குக்கூட நகர்வதில்லை. 2010 வாக்கில் சீனாவிலிருந்து ஆட்கள் வந்து பழைய இரும்புக் கெட்டில்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். கியோட்டோவின் பெயர்பெற்ற வார்ப்பாளர்கள் செய்ததாக இருந்தால் கேட்ட விலை. அந்தக் கெட்டில்கள்தான் சில வருஷம் கடைக்குச் சோறு போட்டன. அதுவும் அடங்கியதும் அப்பா மூடிவிடத் தீர்மானித்திருந்தார்.

அவர் மட்டுமில்லை. 2025-க்குள் 70 வயதைத் தாண்டும் சிறு, நடுத்தர நிறுவன முதலாளிகள் ஏறக்குறைய 24.5 லட்சம் பேர், அதில் பாதி, சுமார் 12.7 லட்சம் பேருக்கு வாரிசு முடிவாகவில்லை என்று ஜப்பான் அரசு முன்பே கணக்குப் போட்டிருந்தது. பழைய காலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பிள்ளை சரியில்லை என்றால், கடையில் வளர்ந்த கெட்டிக்காரப் பையனுக்கு மகளைக் கொடுத்து, வீட்டுப் பெயரையும் கொடுத்து வாரிசாக்கிவிடுவார்கள். ஜப்பானியக் கலைப்பொருளை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கொண்டுபோன யாமானாகா சதஜிரோ அப்படி மருமகனாக வந்தவர்தான். 1890-களில் நியூயார்க்கில் கடை திறந்து, பாஸ்டன், லண்டன் என்று விரித்தார். அவர் 1936-இல் இறந்தார். 1941-இல் போர் மூண்டதும் அமெரிக்க அரசு தன் நாட்டிலிருந்த அந்தக் கடைகளைக் கையகப்படுத்தி, சரக்கை ஏலம் விட்டது. மாப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரித்திரம் குறுக்கே வந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

நம் கடையில் மாப்பிள்ளை ஏற்பாடெல்லாம் நடக்கவில்லை. மகள் டோக்கியோவில் வேறு வேலையில் இருந்தார். கடையைக் காலி செய்ய உதவத்தான் வந்தார். காலி செய்ய ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

ஏன் என்று கேட்டால் கிடங்கைக் காட்டுவார். கியோட்டோவின் பழைய வீடுகள் தெருப்பக்கம் ஒடுக்கமாகவும் உள்ளே நீளமாகவும் இருக்கும். முன்னால் கடை, நடுவில் வீடு, சின்ன முற்றம், கடைசியில் தடித்த மண்சுவர்க் கிடங்கு. தீப்பிடித்தாலும் உள்ளே இருப்பது தப்ப வேண்டும் என்று கட்டியது. அந்தக் கிடங்கின் மேல்தளத்தில் அவர் கண்டது நூற்றுக்கணக்கான மரப்பெட்டிகள். எல்லாம் பவுலோனியா என்கிற, எடையே இல்லாத வெளிர்நிற மரத்தில் செய்தவை, தட்டையான நாடாவால் கட்டியவை. திறந்தால் காலி.

இந்தப் பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜப்பானில் நல்ல கிண்ணம் ஒன்று தனியாக நிற்காது, அதற்கென்று அளவெடுத்துச் செய்த பெட்டி உண்டு. மூடியில் பொருளின் பெயரும், உள்பக்கத்திலோ அடியிலோ செய்தவரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். தேநீர்ச் சடங்குப் பள்ளியின் தலைவர் எழுதிக் கொடுத்த பெட்டி என்றால் விலை பல மடங்கு. பெட்டி தொலைந்த கிண்ணத்தின் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதனால்தான் காலிப் பெட்டிக்கும் சந்தை இருக்கிறது. இணைய ஏலத்தில் பெயர்பெற்ற குயவரின் கையெழுத்துள்ள காலிப் பெட்டி நல்ல விலைக்குப் போகிறது. யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

மகள் கணக்குப் பார்த்தபோது, அந்தப் பெட்டிகளை விற்றாலே வங்கிக் கடனில் ஒரு பகுதி அடையும்போல் இருந்தது. அப்பா வேண்டாம் என்றார். அவருடைய அப்பாவும் விற்கவில்லையாம். உடைந்த கிண்ணத்தின் பெட்டி கைக்கு வந்தால் வெளியே விடாமல் மேல்தளத்தில் போட்டுவிடுவது கடை வழக்கம். “அது வெளியே போனால் வருஷம் கழித்து உள்ளே ஒரு போலியோடு நம்மிடமே திரும்பி வரும், அப்போது நீ ஏமாறுவாய்” என்றார். மகள் ஒரு பெட்டியைக்கூட விற்கவில்லை. இன்றைக்கும் அங்கேதான் கிடக்கின்றன. இடத்தை அடைக்கின்றன என்று அவ்வப்போது அலுத்துக்கொள்வார்.

அப்பா சொன்னதை அப்படியே கேட்டது அதோடு சரி. மீதி எல்லாம் சண்டை.

முதல் சண்டை விலைச் சீட்டு. அப்பாவின் கடையில் எந்தப் பொருளிலும் விலை இருக்காது. சின்னக் காகிதச் சீட்டில் சில எழுத்துகள் மட்டும் இருக்கும். ஒவ்வொரு கடைக்கும் பத்து எழுத்துகள் கொண்ட ஒரு ரகசியச் சொல் உண்டு, எழுத்துக்கு ஓர் எண். வாங்கிய விலையை அந்த எழுத்துகளில் குறித்துவைப்பார்கள். வாடிக்கையாளர் கேட்டால் சீட்டைப் பார்த்து, ஆளையும் பார்த்து, விலை சொல்வார்கள். அப்பாவுக்கு இது ஏமாற்று இல்லை. அடிக்கடி வரும் சின்ன வருமானக்காரருக்குக் குறைத்தும், ஒரே முறை வந்து அதிகாரமாகப் பேசும் பணக்காரருக்கு ஏற்றியும் சொல்வதுதான் நியாயம் என்று நம்பினார். மகள் பார்த்தது வேறு. விலை தெரியாத கடைக்குள் முப்பது வயதுக்காரர் யாரும் காலெடுத்து வைப்பதில்லை. கண்ணாடிக் கதவு வழியே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் விலை எழுதி ஒட்டினார். அப்பா ஒரு வாரம் முன்கட்டுக்கே வரவில்லையாம். எனக்கும் மகள் பக்கம்தான் மனம் சாய்கிறது. விலை கேட்கக் கூச்சப்பட்டுக் கடையைத் தாண்டிப் போனவர்களில் நானும் ஒருவன்.

அடுத்தது அந்தத் தட்டுகள். கிடங்கின் கீழ்த்தளத்தில் பழைய செய்தித்தாளில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிய நீலவெள்ளைத் தட்டுக் கட்டுகள். மெய்ஜி காலத்தில், அதாவது 1868-க்குப் பின், ஆயிரக்கணக்கில் அச்சடித்த மலிவான சாப்பாட்டுத் தட்டுகள். அப்பா காசு கொடுத்து வாங்கியவை இல்லை. ஒரு வீட்டுச் சாமானை மொத்தமாக எடுக்கும்போது ஓசியில் வந்தவை. நல்ல பொருளைப் பெட்டியில் அடுக்கும்போது இடுக்கில் முட்டுக் கொடுக்கவும், சில நேரம் வாடிக்கையாளருக்குக் கொசுறாகவும் பயன்பட்டன.

ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் மகள் எதைப் பார்த்தார் என்று தெரியும். நீலம் கண்ணைப் பறிக்கும். மெய்ஜிக்கு முந்தைய, எடோ என்கிற காலத்துத் தட்டுகளில் இயற்கையாகக் கிடைத்த கோபால்ட் தாது, சாம்பல் கலந்த அடங்கிய நீலம். 1870-இல் வாக்னர் என்ற ஜெர்மானியர் பீங்கான் ஊரான அரித்தாவுக்கு வந்து, தொழிற்சாலையில் செய்த கோபால்ட்டைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார். மலிவாகவும் பளிச்சென்றும் நீலம் கிடைத்தது. வரைவதற்குப் பதில், கிமோனோ துணிக்கு வடிவம் அச்சிடுகிற மாதிரி, வெட்டிய காகிதத்தைத் தட்டின் மேல் வைத்துச் சாயம் ஏற்றினார்கள். தட்டையான காகிதம் குழிந்த தட்டில் ஒழுங்காகப் படியாது. அதனால் விளிம்பில் ஒரு காகிதம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கொடியின் ஓர் இலை பாதியில் நிற்கும், பக்கத்திலேயே இன்னோர் இலை அதன் மேல் ஏறியிருக்கும். சில தட்டில் அந்த இடத்தில் விரல் அகலத்துக்கு வெள்ளையாகவே இருக்கும், தொழிலாளி அவசரத்தில் விட்டுவிட்டது. பத்துத் தட்டு எடுத்தால் பத்திலும் அந்த ஒட்டு வேறுவேறு இடத்தில் வரும்.

அப்பாவுக்கு அது குறை. மகளுக்கு அந்த ஒட்டுதான் பிடித்தது. தட்டுக்கு இரண்டாயிரம் யென் வாக்கில் விலை போட்டு, வாசலோரம் அடுக்கினார், வீட்டில் சாதம் போட்டுச் சாப்பிடலாம் என்று எழுதி வைத்தார். முதலில் காலியான சரக்கு அதுதான். வாங்கியவர்கள் மறுபடி வந்தார்கள், அடுத்த முறை எடோ காலத்து நூடுல்ஸ் கிண்ணம் ஒன்று, அதற்கடுத்து ஒரு மரத்தட்டு என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தார்கள்.

இதில் புரட்சி ஒன்றுமில்லை. ஜப்பானிய ரசனையின் சரித்திரமே இப்படித்தான் நகர்ந்திருக்கிறது. 1920-களில் கியோட்டோவுக்குக் குடிவந்த யானகி முனேயோஷி என்ற கலைச் சிந்தனையாளர், குயவரான நண்பர் கவாய் கன்ஜிரோவோடு கோயில் சந்தைகளில் அலைந்து, பெரிய வியாபாரிகள் சீந்தாத எண்ணெய்த் தட்டு, சமையலறைச் சாடி என்று பொறுக்கினார். தோஜி கோயிலில் மாதம் 21-ஆம் தேதியும், கிதானோ தென்மாங்கு கோயிலில் 25-ஆம் தேதியும் கூடும் அந்தச் சந்தைகள் இன்றும் உண்டு. பெயரில்லாத கைவினைஞர்களின் அன்றாடப் பொருளில்தான் அழகு இருக்கிறது என்று அவர் தொடங்கிய மிங்கேய் இயக்கத்துக்கு 1936-இல் டோக்கியோவில் அருங்காட்சியகமே வந்துவிட்டது. அப்புறம் மிங்கேய் பொருளும் விலையேறிப் பெரிய மனிதர்கள் சமாச்சாரமாகிவிட்டது. 1973-இல் டோக்கியோவில் கடை திறந்த சகாதா கஸுமி அதையும் தாண்டி, துடைத்துத் துடைத்து நைந்த தரைத்துணியையும், காபிக் கறை ஏறிய வடிகட்டித் துணியையும்கூட அழகுப் பொருளாகப் பார்வைக்கு வைத்தார். பிந்தைய தலைமுறைக் கடைக்காரர்கள் பலர் அவரைப் பார்த்து வந்தவர்கள். முந்தின தலைமுறை எதை ஒதுக்கியதோ அதில்தான் அடுத்த தலைமுறைக்குச் சரக்கு. விலை குறைவு என்பதால் அவர்களால் வாங்க முடிகிறது என்ற எளிய காரணமும் இதில் இருக்கிறது.

சரி, எல்லாம் மகளின் கண்தான் என்றால் அப்பா எதற்கு? அதற்குப் பதில் வியாபாரிகள் சந்தையில் இருக்கிறது. ஜப்பானில் பழம்பொருள் பெரும்பாலும் வியாபாரிகளுக்குள்ளேயே பலமுறை கைமாறும். அதற்கென்று நடக்கும் ஏலங்களுக்கு வெளியாட்களுக்கு அனுமதி கிடையாது, உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நானும் மகள் சொல்லக் கேட்டதுதான். சத்தமாகக் கேட்கும் ஏலம் தவிர, பழைய முறை ஒன்றும் சில இடங்களில் உண்டு. அரக்குப் பூசிய சின்னக் கிண்ணத்தின் உள்ளே விலையை எழுதி, கவிழ்த்து, ஏலக்காரர் பக்கம் தள்ளிவிடுவார்கள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, அதிக விலை எழுதியவரை அறிவிப்பார். பக்கத்தில் இருப்பவர் என்ன எழுதினார் என்று தெரியாது. போலி என்று பின்னால் தெரிந்தால் அது பொதுவாக வாங்கியவர் பாடு. காசை மட்டும் சொன்ன தேதிக்குள் கட்டிவிட வேண்டும். மகளை உள்ளே சேர்த்தது அப்பாவின் பெயர்தான். கடன் தலைக்கு மேல் இருந்த வருஷங்களிலும் சந்தைப் பாக்கியை அவர் ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லையாம். வங்கிக்குத் தவணை கேட்டார், சந்தைக்குக் கேட்கவில்லை.

இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், என் வேலை அங்கேதானே. மகள் காலை வெளிச்சத்தில் படம் எடுக்கிறார், விரிசல் எங்கே, பழுது எங்கே என்று தனிப்படம். உடைந்து, தங்கப்பொடி வைத்து ஒட்டிய கிண்ணம் என்றால், அரக்கு வைத்து ஒட்டியதா, பசை வைத்து ஒட்டியதா என்று கட்டாயம் எழுதச் சொல்வார். ஜப்பானிய அரக்கு ஒரு மரத்தின் பால், ஈரக்காற்றில்தான் இறுகும், மாதக்கணக்கில் ஆகும். பசை ஒரு நாள் வேலை. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தந்த வேலைப்பாடு எதையும் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார், அந்தச் சட்டச் சிக்கலில் இறங்க யாருக்கும் ஆசையில்லை. பழைய வாள் வந்தால் பதிவுச் சான்று இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார். இல்லாவிட்டால் அது எந்த வீட்டில் கிடைத்ததோ அந்த வீட்டாரைப் போலீஸுக்குத் தகவல் சொல்லச் சொல்லிவிடுவார்.

ஒருமுறை காரைக்குடிப் பழம்பொருள் கடைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. இடித்த செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் பூப்போட்ட சுவர் ஓடுகளில் ஜப்பானில் செய்தவையும் உண்டு என்றேன், போருக்கு முன் இந்தியாவுக்கு ஏற்றுமதியானவை. படம் அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, விலை எவ்வளவு, எடை எவ்வளவு என்று கேட்டார். வியாபாரி!

சரக்குக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான் இப்போதைய சங்கடம். 2023 கணக்கெடுப்பில் ஜப்பானில் ஆளில்லாத வீடுகள் ஏறக்குறைய 90 லட்சம், மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். வாரம் தவறாமல் யாராவது கூப்பிடுகிறார்கள், பாட்டி வீட்டை இடிக்கப் போகிறோம், வந்து பாருங்கள் என்று. போனால் எல்லா வீட்டிலும் ஒரே காட்சி. கல்யாணத்தையும் இழவையும் வீட்டிலேயே நடத்திய காலத்தில் வாங்கிவைத்த அரக்குக் கிண்ணங்கள், கால்வைத்த சாப்பாட்டுத் தட்டுகள், இருபது பேருக்கு, முப்பது பேருக்கு என்று பெட்டி பெட்டியாக. சந்தையில் கிட்டத்தட்ட விலை இல்லை, எடுத்துவரும் வண்டி வாடகைகூடத் தேறாது. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை என்கிறார். அந்த மாதிரி நாட்களில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறார். அவர் உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தை எடுத்து, இது இன்ன ஊர் வேலை, உங்கள் பாட்டி மாமனார் காலத்தில் வாங்கியிருப்பார்கள் என்று கொஞ்ச நேரம் பேசுவார். வாங்க மாட்டோம் என்பதை அதற்கப்புறம்தான் சொல்வார்கள்.

இப்போது கடையில் புதுச் சண்டை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. வார இறுதியில் வேலைக்கு வரும் கல்லூரிப் பெண் ஒருவர், 1960, 70-களில் வந்த பூப்போட்ட கண்ணாடி டம்ளர்களை அப்படிக் காலியாகும் வீடுகளிலிருந்து சேர்த்துவருகிறார். அடேரியா என்ற அந்த வகை டம்ளர்களை, கேட்பவர்கள் பெருகியதால், செய்த நிறுவனமே 2018-இல் மறுபடி கொண்டுவந்தது. பழையதற்கு மவுசு இன்னும் கூடிவிட்டது. நம் மூன்றாம் தலைமுறைக்காரர் மூக்கைச் சுளிக்கிறார். “எங்கள் வீட்டில் பல் துலக்க வைத்திருந்த டம்ளர் இது, இதையா கடையில் வைப்பது?” என்கிறார். அப்பா இந்த விஷயத்தில் வாயே திறப்பதில்லை, ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தேநீர் கொடுத்து உபசரிப்பது மட்டும் கூடியிருக்கிறது. கடைசியில் சமரசம் ஆகி, கல்லாவுக்குப் பின்னால் ஓர் அலமாரித் தட்டு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். ஆங்கில விவரத்தில் ‘ஆன்டிக்’ என்ற சொல் மட்டும் வரக் கூடாது என்று எனக்கு உத்தரவு.